முதல் மூன்று எழுத்து

என் கணவரின் பெயரை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. முதல் மூன்று எழுத்தை மட்டும் சொல்கிறேன்: பி, ஏ, ஆர். ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் சமாளித்து வந்தேன். கூரியர்க்காரர் கேட்டாலும் சரி, வங்கியில் கேட்டாலும் சரி, பி, ஏ, ஆர் என்று தொடங்கி கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிடுவேன். எழுத்தைச் சொன்னால் பெயரைச் சொன்னதாகாது. இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

சிரிக்காதீர்கள். நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று கட்டுரை எழுதச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பத்துக்கு எட்டு போட்டிருக்கிறேன். ஒரு வருஷம் என் வகுப்பிலேயே அவர் பெயரில் ஒரு மாணவன் வந்து சேர்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க வருகைப் பதிவேட்டை எண் சொல்லித்தான் கூப்பிட்டேன். "ஏன் மிஸ், எங்க கிளாஸுக்கு மட்டும் நம்பர்?" என்று கேட்டார்கள். "பட்டாளத்துல இப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று அடித்துவிட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருஷனைப் பெயர் சொல்லியும் கூப்பிடுகிறார்கள், வாடா போடா என்றும் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும், நன்றாக இருக்கட்டும். எனக்கு அம்மா சொல்லி அனுப்பியது வேறு. "பொம்பள வாயில புருசன் பேரு வந்தா அவிய ஆயுசு குறையும்" என்றாள். சும்மா சொல்லவில்லை, சாட்சியோடு சொன்னாள். என் சித்தி ஒருத்தி தாலுகா ஆபீஸில் அதிகாரி அதட்டிக் கேட்டாரென்று புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த அறுவடைக்குள் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது. பெயருக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது. ஆனால் சித்தி அன்றைக்குத் தன் வாயிலேயே அறைந்துகொண்டு அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். படிப்பு ஒரு பக்கம் இருந்தது, அந்த அறை ஒரு பக்கம் இருந்தது.

அவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மம்சாபுரம் பக்கம் இருக்கிற தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் மிலிட்டரிக்காரர். மகனுக்கு அப்பா. எனக்கு ‘என்னங்க’. வெளியாட்களிடம் பேசும்போது ‘அவிய’. வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் என் மாமியார் ஒருவர்தான். காலையில் வாசலில் நின்றுகொண்டு தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அத்தை போய் ஏழு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ரேஷன் கார்டில்தான் இருந்தது.

வினை ஆங்கிலத்தில் வந்தது. பள்ளிக்குப் புது நிர்வாகம். வளாகத்துக்குள் ஆசிரியர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். எல்லாரும் என்றால் தமிழ் மிஸ்ஸும்! மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லிப் பார்ப்பார்களாம். ஐம்பது வயதை நெருங்கும்போது இந்தக் கூத்து. தலையில் அடித்துக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு காலையில் ஒரு நோட்டுக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும். பத்துப் பேர் இருந்தோம்.

மாஸ்டர் சின்ன வயதுக்காரர், சுறுசுறுப்பான ஆள். முதல் நாளே எல்லாரிடமும் சர்நேம் கேட்டார். எங்களில் யாருக்கு இருக்கிறது சர்நேம்? அப்பா பெயரோ புருஷன் பெயரோ எது நம் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதோ அதுதான். பக்கத்து நாற்காலியில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளிநாட்டில் இருக்கிற பேத்தியோடு போனில் பேசுவதற்காக இங்கிலீஷ் படிக்க வந்தவர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கு வீட்டுப் பேருன்னு தனியா உண்டு டீச்சர். உங்க பாடுதான் திண்டாட்டம்" என்றார்.

மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். "சர்நேமோட முதல் மூணு எழுத்தை எடுங்க. அந்த மூணு எழுத்துல ஆரம்பிக்கிற இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணுங்க. சொந்தப் பேரு மறக்குமா? மறக்காது. அப்ப அந்த வார்த்தையும் மறக்காது." பெரியவரின் வீட்டுப் பெயருக்கு ஐந்தோ ஆறோ வார்த்தைதான் தேறியது. எனக்கோ அந்த மூன்று எழுத்தையும் மேலே போட்டு ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக் கொடுத்தார் மாஸ்டர். பார்க், பார்சல், பார்டன், பேரட், பேரன்ட்ஸ், பார்ட், பார்ட்னர், பார்ட்டி. "யோகம் உங்களுக்கு!" என்றார் பெரியவர். மாஸ்டர் கரும்பலகையில் என் கணவரின் முழுப் பெயரை எழுதி, முதல் மூன்று எழுத்தின் கீழே கோடு போட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கினார். நான் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தாளின் நடுவில் ஒரு வார்த்தை இருந்தது. பேரலிசிஸ். பக்கவாதம். அவர் பெயரின் எழுத்துகளுக்கு நேர் கீழே அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. பேனாவை எடுத்து அதன் மேல் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்ததில் தாளே கிழிந்து ஓட்டை விழுந்தது. மாஸ்டர், "என்ன மேடம்?" என்றார். "மை கொட்டிட்டு சார்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. இதுவரை பி, ஏ, ஆர் என்று தனித்தனியாகச் சொன்னேன், அது கணக்கில் வராது. இப்போது மூன்றையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பார்க் என்று சொன்னாலும் பார்சல் என்று சொன்னாலும் அவர் பெயரில் பாதி என் வாயில் வந்துவிடுகிறதே! பாதிப் பெயருக்குப் பாதி ஆயுசா? பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வார்த்தைகளை முணுமுணுப்பேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் தாலியை ஒரு தடவை தொட்டுக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தேதான் செய்தேன். அவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன ஏட்டி, ஜெபமா பண்ணுத?" என்று கேட்டார். "உங்க ஆயுசுக்குத்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஏழு பத்து. மணி எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்புக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் தலை சீவியபடி, பார்ட், பார்ட்னர், பார்ட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டம்ளர் கீழே விழுந்தது. "கையில என்ன எண்ணெயா தடவிருக்கு? இப்பத்தானே தொடச்சேன்" என்று எரிந்து விழுந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. என்னைப் பார்த்து ஏட்டி என்று சொல்ல வந்தார். ‘ஏ... ஏ...’ என்பதற்கு மேல் வரவில்லை.

ஐயோ, நான் சொல்லிச் சொல்லியே கொண்டுவந்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்.

அடுத்த வீட்டுத் தம்பி காரை எடுத்தார். ராஜபாளையத்தில் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்பப் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியாது. வகுப்புக்கு எடுத்து வைத்திருந்த பையைத்தான் அவசரத்தில் தோளில் மாட்டியிருந்தேன். உள்ளே நோட்டும் பேனாவும் கொஞ்சம் பணமும் இருந்தன. ஆதார் கார்டு இல்லை. என் கண்ணாடி கூட மேஜை மேலேயே இருந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். என்னைக் கவுண்ட்டருக்குப் போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார்.

"பேஷன்ட் பேரு?"

"பி, ஏ, ஆர்..." என்று தொடங்கினேன். நான்காவது எழுத்துக்கு வாயைத் திறக்குமுன், "வந்துருச்சும்மா. இதானே?" என்று திரையை என் பக்கம் திருப்பினார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு முதல் மூன்று எழுத்து தெரிந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் உருளுகிற சத்தம். அவரை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்று தலையாட்டினேன்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம், கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று சொல்கிறவள் நான்.

தம்பி சீட்டு அடித்துக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் என்னவர் கையில் ஒரு பட்டையாகச் சுற்றினார்கள். டியூட்டி டாக்டர் ஒரு பெண். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "ஏழு பத்து டாக்டர்." "சரியா ஞாபகம் வச்சிருக்கீங்க, நல்லது. இது பேரலிசிஸ்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கா, இல்ல கசிஞ்சிருக்கான்னு ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். கட்டுன்னா கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். சீக்கிரம் போடப் போட நல்லது." கட்டு, கசிவு, ஊசி எல்லாம் காதில் விழுந்தன. ஆனால் முதலில் சொன்ன அந்த வார்த்தைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பேனாவால் அடித்துக் கிழித்தேனே, கிழித்த பிறகும் வந்துவிட்டதே.

ஸ்கேன் எடுத்து முடித்து உள்ளே வைத்துக்கொண்டு, என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா. அறுபது வயது இருக்கும். சேலை முந்தானையில் ரத்தக் கறை. விடியக்காலையில் மாட்டுத் தொழுவத்தில் அவர் புருஷன் வழுக்கி விழுந்து, கல்லில் தலை மோதிவிட்டதாம்.

"உங்க வீட்ல என்ன தாயி?"

"கை கால் வரலக்கா. பேச்சு வரல."

"ஆண்டா தாயே" என்று கும்பிட்டுக்கொண்டார். "எங்க வீட்டு ஆளு நல்லாத்தான் பேசுதாக. தலைதான் இம்புட்டுக்கு வீங்கிப் போச்சு. பேரைக் கேட்டான் அந்தக் கம்ப்யூட்டர் பையன். நான் எப்படிச் சொல்ல? கார்டை நீட்டிட்டேன், அவனே பாத்து எழுதிக்கிட்டான்." எனக்கு அந்த நிலையிலும் ஒரு ஆறுதல். இந்த ஊர்ப் பக்கம் நான் ஒருத்தி மட்டுமில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தைந்து.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் கையில் தாளோடு வந்தார். சத்தமாக ஒரு பெயரைக் கூப்பிட்டார். முதல் எழுத்துகள் காதில் விழுந்ததும் நான் பாதி எழுந்துவிட்டேன். ஆனால் பெயர் வேறு மாதிரி முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா எழுந்து, "நாந்தான்மா அவிய வீட்டுக்காரி" என்று போனார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஸ்கேன்ல கட்டுன்னு வந்திருக்கு. உடனே ஊசி போடணும். ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, ஆனா போட்டாத்தான் நல்லது. இதுல கையெழுத்துப் போடுங்க."

"எனக்குக் கையெழுத்து வராது தாயி."

"அப்ப ரேகை வைங்க. சீக்கிரம்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. பாருங்கள் என் புத்தியை. அந்த அக்கா வீட்டுக்காரருக்கு ஊசி உண்டு என்று வந்துவிட்டது, என்னவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அக்கா மைப் பெட்டியில் பெருவிரலை வைத்துவிட்டார். அப்போது நர்ஸ் தாளைப் பார்த்துப் படித்தார்: "வலது கை, வலது கால் அசைவு இல்ல, பேச்சு இல்ல. கரெக்ட்தானே?"

அக்காவின் விரல் அப்படியே நின்றது. "பேச்சு இல்லையா? செத்த முன்னாடிகூட மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு என்கிட்ட கேட்டாகளே!"

பி, ஏ, ஆர். இதானே என்று அந்தத் தம்பி கேட்டது. நான் ஆமா என்று தலையாட்டியது. அவர் அழுத்தியது எனக்கு முன்னால் பதிந்த இந்த மனிதரின் பெயரை. ஊசி என்னவருக்கு வந்திருக்கிறது. தலையில் அடிபட்ட ஆளுக்குப் போகப் போகிறது. ரத்தம் கசியும் என்று இப்போதுதானே சொன்னார்!

"சிஸ்டர், அது இவுக வீட்டுக்காரர் இல்ல, எங்க வீட்டுக்காரர்!"

"நீங்க யாரும்மா? உங்க பேஷன்ட் பேரு என்ன?"

"பி, ஏ, ஆர்..."

"அதேதான்மா இங்க இருக்கு. பி, ஏ, ஆர். பயப்படாம உக்காருங்க, உங்களையும் கூப்பிடுவாங்க. நீங்க ரேகை வைங்கம்மா, டைம் ஆகுது."

இருபத்தெட்டு வருஷம் என்னைக் காப்பாற்றிய சட்டம் அந்த இடத்தில் செத்தது. எழுத்தைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, அடுத்தவர் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது; கடைசி எழுத்து வரை கேட்க இங்கே யாருக்கும் பொறுமையும் இல்லை. முழுசாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால்? சித்தி வாயில் அறைந்துகொண்டது கண் முன்னால் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உயிர் ஒரு நூலில் நிற்கிறது, இந்த நேரத்திலா நான் சொல்ல வேண்டும்? வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். பெருவிரல் தாளுக்கு மேலே வந்துவிட்டது.

கத்திவிட்டேன். முழுப் பெயரையும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, மாமியார் வாசலில் நின்று கூப்பிடுவாரே, அந்தச் சத்தத்தில். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கவுண்ட்டர் தம்பி எழுந்து நின்றுவிட்டார்.

"அதுதான் எங்க வீட்டுக்காரர் பேரு. கையில கட்டியிருக்கிற சீட்டு தப்பு. ரெண்டு பேருக்கும் முதல் மூணு எழுத்து ஒண்ணு. நான்தான் சரியாப் பாக்காம ஆமான்னுட்டேன்."

நர்ஸ் முகம் வெளுத்தது. அக்காவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் பேரை நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு எழுத்தும் தெரியாது, என்னைப்போல் ஒளிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மடியிலிருந்து கார்டை எடுத்து என் கையில் திணித்தார். "நீயே சொல்லிரு தாயி." கார்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்து, அந்தப் பெயரையும் நானே சொன்னேன். நர்ஸ் உள்ளே ஓடினார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்தார், இருவரையும் முகம் பார்த்து, சீட்டை மாற்றி, படங்களை மறுபடி சரிபார்த்தார்கள். எங்களவருக்கு ஒன்பது இருபதுக்கு ஊசி ஏறியது. அந்த அக்காவின் புருஷனுக்கு மண்டைக்குள் ரத்தக் கசிவு. மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறுமுன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட்டியே தாயி... ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். யாருக்கு என்று கேட்கவில்லை. "எனக்கும் அதே பயந்தான்க்கா" என்றேன். கவுண்ட்டர் தம்பியைப் பிடித்து நாலு வார்த்தை திட்டினேன். திட்டிவிட்டு, திட்டினதற்கு வெட்கப்பட்டேன். அவர் கேட்டார், நான் ஆமா என்றேன். இதில் அவரை என்ன சொல்ல?

மூன்று நாள் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் உள்ளே இருந்து எந்த மெஷின் சத்தம் போட்டாலும், சொன்னேனே, சொன்னேனே என்று தாலியைத் தொட்டுக்கொள்வேன். அப்பாவைப் போலவே பட்டாளத்தில் சேர்ந்திருக்கிற மகன் எல்லையிலிருந்து லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது அவனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். "அம்மா, நீ சொன்னதுனாலதான் அப்பா இருக்காரு" என்றான். தலைக்கு ஏறிய வார்த்தை நெஞ்சுக்கு இறங்கவில்லை.

அவர் பிழைத்தார். கால் வந்தது. கை மெதுவாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது, வாய்க்கு வந்து சேர மாட்டேன் என்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கூட்டிப்போனேன்.

"சொந்தப் பேர்ல இருந்து ஆரம்பிங்கம்மா. உதட்டுல தொடங்குற பேரு, சீக்கிரம் வந்துரும். தினமும் காலைல நீங்க முழுசாச் சொல்லணும், அவங்க திருப்பிச் சொல்லணும். பத்துத் தடவை."

"நானா?"

"வேற யாரு?"

வேறு யார் இருக்கிறார்கள். மகன் திரும்பிப் போய்விட்டான். முதல் நாள் அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு விஷயம் தெரியும், மகன் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியையே அதிர வைத்துவிட்டு இப்போது வீட்டுக்குள் வாய் வராமல் நான் முழிப்பதைப் பார்த்து, கோணின வாயால் சிரித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாலியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் ‘ப...’ என்றார். மறுபடி சொன்னேன். ‘ப...’ பத்துத் தடவை. மறுநாளும் பத்துத் தடவை.

பெயரோடு கூடவே மாஸ்டர் கொடுத்த தாளையும் எடுத்துவந்தேன். எல்லாம் அதே எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகள், உதட்டுக்கு அதே வேலை. பார்க், பார்சல், பேரட். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறிச் சொன்னோம். அவர் பார்சல் சொன்ன அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். தாளின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் ஒருநாள் விரலை விட்டு, "இ... து?" என்று கேட்டார். "எலி கடிச்சுட்டு" என்றேன். பள்ளியில் ஆங்கிலப் பேச்சுச் சோதனையும் வந்தது. பார்டன் என்ற வார்த்தையை மட்டும் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வன்னியம்பட்டி அக்கா ஒருநாள் போன் செய்தார். அவர் புருஷன் மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீடு வந்துவிட்டாராம். "நீ சொன்னபடிக்கு நானும் ஒரு தடவ சொல்லிப் பாக்கலாம்னு கதவைச் சாத்திக்கிட்டு நின்னேன் தாயி. வரமாட்டேங்கு" என்றார். இருவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குக் கவலையாக இருந்தது. அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நான் தினம் பத்துத் தடவை சொல்கிறேன். அம்மா சொன்னது கொஞ்சமாவது நிஜமாக இருந்தால் என்ன செய்வேன்?

ஆறு மாதத்தில் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. காப்பியில் சீனி கம்மி என்று சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டார். பெயர் மட்டும் நடுவில் தடுக்கும். மூன்றாவது எழுத்து தாண்டினதும் நின்றுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் முழுசாகச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் சொல்வார்.

போன வாரம் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் தோப்புக்கு உரம் சொல்ல யாருக்கோ போன் செய்தார். அந்தப் பக்கத்தில் பெயர் கேட்டிருப்பார்கள் போல. கூடத்திலிருந்து எனக்குத் தெளிவாகக் கேட்டது. முழுப் பெயரையும், ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், பட்டாளத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி சொன்னார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து வழக்கம்போல் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் ஆரம்பித்தார். மூன்றாவது எழுத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் போன்ல சொன்னீங்க. நான் கேட்டேன்" என்றேன்.

அகப்பட்டுக்கொண்ட முகத்தோடு தரையைப் பார்த்தார். "அம்மா போன பொறவு... கூப்பிட ஆளில்ல... ஏட்டி" என்றார். "நீ சொல்லு."

தாலியைத் தொட்டுக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொன்னேன்.